சிவப்பாக்க நினைத்த கேமரா

மூக்கு நுனியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தீற்றல். கன்னத்தில் இன்னொன்று. வலது கட்டைவிரல் முழுவதும் அதே நிறம். கண்ணாடியைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை. பழைய கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், அப்படித்தான் பிடித்தேன். முந்தைய இரவு அதன் கறுப்புத் தோலுக்கு மூன்று முறை சிவப்புச் சாயம் பூசியிருந்தேன். சாயம் தோலில் தங்க மறுத்து என்மீது ஏறிக்கொண்டது.

கேமரா சிவப்பாகவும் இல்லை. நேராகப் பார்த்தால் கறுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வண்டின் முதுகைப் போல ஒரு செம்புப் பளபளப்பு. முன்பக்கத்தில் விரல்கள் பற்றும் வலது துண்டு மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில். ஒரே கேமரா, ஒரே சாயம், ஒரே பஞ்சு. இந்தத் துண்டு மட்டும் ஏன் இப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இரண்டு வார வேலை மிச்சமாகியிருக்கும்.

கேமரா பெரியப்பாவுடையது. 1950களின் தொடக்கத்தில் செய்த ஜெர்மன் மடிப்பு கேமரா. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து லென்ஸ் வெளியே வரும். மடக்கினால் தடித்த நோட்டுப் புத்தகம் அளவுக்கு அடங்கிவிடும். "அந்தச் சின்ன ஓட்டையில் எனக்கு இப்போது ஒன்றும் தெரிவதில்லை, நீ வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுத்தார். ஷட்டர் ஓடியது, லென்ஸ் தெளிவாக இருந்தது. தோல்தான் பார்க்கச் சகிக்கவில்லை: ஓரங்களில் சுருண்டு, நடுவில் வெளிறி, முதுகுப் பக்கம் ஐந்தாறு இடங்களில் பருக்கள் போலப் புடைத்திருந்தது. சிவப்புத் தோல் போட்ட பழைய கேமராக்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. பெரியப்பாவிடம் சொன்னேன். "சிவப்பா? கேமராவுக்கா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சாயத்தைப் பற்றி நான் முதலிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோலுக்குப் போடும் நிறம் இரண்டு வகை. ஒன்று சாயம்: ஆல்கஹாலிலோ நீரிலோ கரைந்து, தோலின் நாருக்குள் இறங்கி அங்கேயே பிடித்துக்கொள்வது. இன்னொன்று வண்ணப்பூச்சு: கரையாத நிறத்துகள்கள் அக்ரிலிக் போன்ற ஒரு பிசினோடு சேர்ந்து தோலின் மேல் படலமாக உட்காருவது. சாயம் ஒளி ஊடுருவக்கூடியது; அடியில் இருக்கும் நிறத்தோடு சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே சாயத்தால் கருமையாக்கத்தான் முடியும், வெளிறச் செய்ய முடியாது. வெள்ளைத் தாளில் நீர்வண்ணம் தீட்டலாம். கரும்பலகையில் தீட்டினால் என்ன தெரியும்? நான் கரும்பலகையில் தீட்டியிருக்கிறேன். உள்ளே இடமில்லாத சாயம் மேலே படிகமாகக் காய்ந்து அந்தச் செம்புப் பளபளப்பைக் கொடுத்தது. அதே மிச்சச் சாயம்தான் என் மூக்குக்கும் வந்தது.

அப்படியானால் வண்ணப்பூச்சைப் பூசிக் கறுப்பைச் சிவப்பாக்கலாமே என்று கேட்கலாம். ஆக்கலாம். சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். கேமராவில் எனக்கு அது பிடிக்கவில்லை. கேமராத் தோலின் அழகே அதன் நுண்ணிய சொரசொரப்புதான். இரண்டு பூச்சிலேயே அந்தப் பள்ளங்கள் நிரம்பி, மழையில் நனைந்து காய்ந்த பிளாஸ்டிக் போல ஆகிவிடுகிறது. விரல் படும் இடத்தில் ஒரு வருடத்தில் தேய்ந்து அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். சாயத் தொட்டியில் விழுந்த நரிக்கு ஒரு மழை தேவைப்பட்டது. இதற்கு விரல் வியர்வையே போதும்.

வில்லியம் பெர்கின் 1856இல் மலேரியாவுக்குக் குவினைன் செய்யப் போய்க் குடுவைக் கசடில் ஊதா நிறத்தைக் கண்டெடுத்தபோது அவருக்கு வயது 18. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் தொடங்கியது. நான் சிவப்புக்கு ஆசைப்பட்டு ஊதாவுக்கு வந்து சேர்ந்தேன். அவருக்கு அது தொழிற்சாலை ஆயிற்று. எனக்கு மூன்று நாள் மூக்குக் கழுவும் வேலை ஆயிற்று.

சாயத்தைக் கையில் எடுப்பதற்கு முன் வேறொன்றையும் பார்த்திருக்க வேண்டும்: அது தோல்தானா? பழைய பொருள்களில் தோல் போலத் தெரிவதெல்லாம் தோல் அல்ல. நமக்கெல்லாம் தெரிந்த ரெக்சின், துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி அழுத்தித் தோலின் வரிகளைப் பதித்ததாகத்தான் தொடங்கியது. உரிந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நெசவின் குறுக்கும் நெடுக்குமான இழைகள் தெரியும். தோல் என்றால் ஒழுங்கில்லாத நார்க்கற்றை தெரியும். பழைய லைக்கா கேமராக்களின் மேல் இருப்பது இரண்டும் அல்ல. வல்கனைட், அதாவது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வயதானால் அது நொறுங்கி, சுவரின் காரை போலச் சில்லு சில்லாக விழும். அதற்குச் சாயம் ஏறாது. 1972இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவின் பழுப்புத் துண்டுகளோ அசல் தோல். அவற்றுக்குச் சாயம் ஏறும்.

என்னுடையது தோல்தான். ஆனால் எந்த நிலையில் இருக்கும் தோல் என்பது முதுகுப் பக்கத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

அந்தப் பருக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பித்தளையும் தோலும் நெடுநாள் ஒட்டிக் குடித்தனம் நடத்தும் இடத்திலெல்லாம் இது வரும் என்பதால், அந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம் என்றே நினைக்கிறேன். தோலைப் பதப்படுத்தும்போது அதில் கொழுப்பு ஏற்றுகிறார்கள். அந்தக் கொழுப்பின் அமிலங்கள் தோலுக்கு அடியில் இருக்கும் பித்தளை ஆணியின் செம்போடு சேர்ந்து பச்சையான, மெழுகு போன்ற ஒரு பொருளாக மாறுகின்றன. ஆணித் தலையின் மேல் அது வருடக்கணக்கில் திரண்டு தோலை மேலே தள்ளுகிறது. இதற்கு நம்மிடம் களிம்பு என்று ஒரே சொல் இருக்கிறது. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல, கூடவே இருப்பது. என் கேமரா விஷயத்தில் சித்தாந்திகளோடு சிறிய கருத்து வேறுபாடு: களிம்பைக் கூட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. கிடைத்த புதிதில் தோல் வறண்டிருக்கிறதே என்று இரண்டு முறை எண்ணெய் தடவியிருந்தேன். பழைய தோலைக் கண்டால் எண்ணெய் தடவச் சொல்லும் அறிவுரையை இனி யார் சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

முதுகுத் தோலின் ஓரத்தில் பல்குச்சியால் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பத்து நிமிடம் காத்திருந்து, தட்டையான மழுங்கிய கத்தியை நுழைத்தேன். அடியில் பளிங்கு போலப் பழுப்பாக இருந்தது, தோலை ஒட்டியிருந்த அரக்கு. ஆல்கஹால் பட்டதும் அது இளகி இழை இழையாக வந்தது. தோல் வரவில்லை. அதாவது, தோலாக வரவில்லை. கத்தியின் மேல் செம்பழுப்புப் பொடி சேர்ந்துகொண்டே இருந்தது. மேலே கறுப்புப் படலம் அப்பளம் போல உடைய, அடியில் நார் என்று எதுவும் மிச்சமில்லை. செங்கல் பொடி போன்ற துகள் மட்டும்தான் இருந்தது. மரப்பட்டையின் துவர்ப்பால் பதனிட்ட பழைய தோல்களுக்கு வரும் நோய் இது. காற்றில் உள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சி, தோல் தன்னுள் தானே அமிலம் ஆக்கி, நாரை அரித்துவிடுகிறது. பழைய நூல்களின் தோல் அட்டையை எடுத்தால் கையெல்லாம் சிவப்பாகுமே, அதுவேதான். நூலகங்களில் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துத் தடவி அந்தப் பொடியை இறுக்கிப் பிடித்து வைப்பார்கள். அது அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்குச் சரி. தினமும் கையில் பிடிக்கும் பொருளுக்கு அது போதாது. இதற்குச் சாயமும் இல்லை, எண்ணெயும் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

உடைந்த துண்டுகளையெல்லாம் ஒரு தாளில் அடுக்கி, மேலே டேப் ஒட்டி வைத்தேன். ஒரு சில்லைக்கூட எறியக் கூடாது. புதிய தோலை வெட்ட அவைதான் அளவு.

ஆணித் தலைகளில் பச்சை மெழுகு பட்டாணிப் பாதி அளவுக்கு நின்றது. பல்குச்சியால் சுரண்டினால் வந்துவிடுகிறது. பிறகு ஆல்கஹால் நனைத்த பஞ்சு. உலோகக் கத்தியால் சுரண்ட வேண்டாம், பித்தளையில் கீறல் விழுந்தால் அடுத்த களிம்பு அங்கே சீக்கிரம் பிடிக்கும். சுத்தம் செய்த தலைகளின் மேல் அரக்கை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவிக் காயவிட்டேன், உலோகமும் தோலும் நேராகத் தொடாமல் இருக்கட்டும் என்று.

முன்பக்க இடது துண்டும் இப்படியே பொடியாக வந்தது. கதவுத் துண்டும் அதே கதை. வலது துண்டில்தான் வேலை நின்றது.

ஆல்கஹால் விட்டேன், இளகவில்லை. இன்னும் விட்டேன். சிவப்புச் சாயம் கரைந்து பஞ்சில் வந்ததே தவிரத் தோல் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு மூலையை மெல்ல இழுத்தபோது அது வளைந்து கொடுத்தது. உடையவில்லை! அடியில் மஞ்சளாக, ரப்பர் போல ஒரு பசை. விரலால் தேய்த்தால் உருண்டு உருண்டு வந்தது. ஆல்கஹாலுக்குக் கரையும் அரக்கு அல்ல. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மற்ற துண்டுகளில் சொரசொரப்பு ஒரே சீராக, அச்சில் அழுத்தியது போல இருந்தது. அழுத்தியதுதான். இதில் அப்படி இல்லை. மயிர்க்கால்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தன. வெட்டிய ஓரம் சாம்பல் கலந்த நீலம், குரோம் உப்பால் பதனிட்ட தோலில் பல நேரம் தெரியும் நிறம். அது சிவந்ததற்கும் காரணம் புரிந்தது. மேல்பூச்சு தேய்ந்து அடிநிறம் வெளிறியிருந்த தோல் அது, சாயத்துக்கு உள்ளே இடம் இருந்திருக்கிறது.

ஆக, அசல் என்று நான் பக்தியோடு தொட்டுக்கொண்டிருந்த துண்டு அசலே இல்லை. பெரியப்பாவை அழைத்தேன்.

"அதுவா," என்றார். "ஒருமுறை ஷட்டர் சிக்கிக்கொண்டது. திருகெல்லாம் தோலுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லி ரிப்பேர் செய்பவர் முன்பக்கத்தைப் பிய்த்தார். திரும்ப ஒட்டப் பார்த்தால் கிழிந்துபோயிருந்தது. உன் பெரியம்மா தன் கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிடி அறுந்த பை. நீ அப்போது பிறக்கவில்லை."

"என்னிடம் சொல்லவே இல்லையே."

"நீ கேட்கவில்லையே. சிவப்பாக்குகிறேன் என்றுதானே சொன்னாய்."

ரிப்பேர் செய்தவர்மேல் குற்றமில்லை. அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் முக்கியமான திருகுகள் தோலுக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். முன்தகட்டைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. தோலை எடுக்காமல் முன்தகட்டைக் கழற்ற முடியாது. செய்தவர்களே இதை உரித்து ஒட்டும் பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள். இளகும் அரக்கால் ஒட்டியதற்கு அதுவும் ஒரு நல்ல நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்மத்துக்கும் பிரியாத பசை போட்டு ஒட்டுகிறவர்கள், பின்னால் வரப்போகும் ரிப்பேர்க்காரரின் சாபத்தை இப்போதே வாங்கி வைக்கிறார்கள்.

சிவப்பு ஆசை அன்றோடு போயிற்று. கைப்பைத் துண்டு இருக்கும், மற்ற மூன்றும் புதிதாக வரும், எல்லாம் கறுப்பு.

புதிதாக வாங்கியது ஆட்டுத்தோல். மெல்லியதாகச் சீவினாலும் உறுதி குறையாதது என்பதால் புத்தகம் கட்டுகிறவர்கள் விரும்புவது. பழைய தோலின் கனம் 0.5 மில்லிமீட்டர் இருந்தது. எனக்குக் கிடைத்தது 0.6. இந்த ஒரு மயிரிழை பெரிய விஷயமா என்று நினைத்தேன், பெரிய விஷயம்தான். உலோக விளிம்புக்குள் தோல் பதிந்து உட்கார வேண்டும். கொஞ்சம் மேலே நின்றாலும் ஓரம் உடையில் உரசி உரசித் தூக்கிக்கொள்ளும். கீல் பக்கத்தில் கதவு முழுதாகத் திறக்காது. ஓரங்களை மட்டும் சீவுகத்தியால் உள்பக்கமாகச் சரிவாக இழைத்தேன். கத்தி கூர்மையாக இல்லாவிட்டால் தோல் சீவாது, சுருளும். முதல் துண்டு அப்படித்தான் பாழாயிற்று.

இரண்டாவது துண்டு பாழானதற்குக் காரணம் அச்சு இயந்திரம். டேப்பில் அடுக்கி வைத்த பழைய சில்லுகளை ஸ்கேன் செய்து, தாளில் அச்செடுத்து, அதன்படி வெட்டினேன். வெட்டி வைத்துப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளிக்கோடு போல உலோகம் தெரிகிறது. பக்கத்துக்குள் அடக்கும்படி அமைப்பு இருந்ததால் எல்லாம் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கி அச்சாகியிருந்தது. இதைச் செய்யப் போகிறவர்கள் பழைய துண்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். தாளில் உள்ள அளவுகோல் நிஜ அளவுகோலோடு பொருந்திய பிறகு கத்தியை எடுங்கள்.

பசை இரு பக்கமும் தடவிக் காயவைத்து ஒட்டும் வகை. விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. நேராக வைக்க ஒரு வழி: உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவே மெழுகுத்தாளை வைத்து, ஓர் ஓரத்தை மட்டும் முதலில் பதித்துவிட்டு, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்திப் போவது. கதவுத் துண்டை அப்படி ஒட்டும்போது அரை மணி நேரம் யாரையும் அறைக்குள் விடவில்லை. முன்பக்கத்தில் ஷட்டர் பக்கம் போகும் துளைகள் இருப்பதால் அவற்றை டேப்பால் மூடிவிட்டுத்தான் பசையைத் திறந்தேன். ஒரு சொட்டு உள்ளே போனால், தோல் அழகாக இருக்கும், படம் எடுக்க வராது. ஆமாம், மேலே சாபம் பற்றிப் பேசியவன்தான் இந்தப் பசையைப் போட்டேன். அதனால் திருகுகள் இருக்கும் இடத்தில் மட்டும் பசையைத் தவிர்த்து இரட்டைப் பக்க டேப் வைத்தேன்.

கைப்பைத் துண்டைத் தனியாக எடுத்துக்கொண்டேன். ஆல்கஹால் பஞ்சால், நிறம் வருவது நிற்கும்வரை துடைத்ததில் மேலே தங்கியிருந்த சிவப்பும் பழைய மெருகும் போயின. பிறகு கறுப்புச் சாயம், மெல்லிய பூச்சாக இரண்டு முறை, நடுவே ஒரு நாள் இடைவெளி. சிவப்பின் மேல் கறுப்பு எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. சாயம் போகும் திசை அதுதானே. காய்ந்த பின் உலர்ந்த துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஈர வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை தேய்க்க வேண்டும். ஆறு துணி ஆயிற்று. அதற்கும் பிறகுதான் மெல்லிய மேல்பூச்சு. இந்த முறை மூக்கில் வைத்துப் பார்ப்பதற்கு முன் முழங்கையில் தேய்த்துப் பார்த்தேன்.

ஒட்டி முடித்த பிறகு வலதுபுறம் ஒரு வரியும் மற்ற இடங்களில் வேறு வரியும் பளிச்சென்று தெரிந்தன. ஆட்டுத்தோலின் சொரசொரப்பு சிறியது. கைப்பையினுடையது பெரியது, வழவழப்பானது. நடுவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம் ஒன்று அதில் இருக்கிறது, கறுப்பு ஏறியும் அது மறையவில்லை. பொருத்தமாக இன்னொரு துண்டு வெட்ட எனக்கு ஆட்டுத்தோல் மிச்சம் இருந்தது. வெட்டவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தார். காதோரம் வைத்து ஷட்டரை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டார். முதுகைத் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கம் விரல்களைக் கொண்டுபோனபோது நடுவிரல் தானாகப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பிறகு முகர்ந்து பார்த்தார்.

"பசை நாற்றம் அடிக்கிறது."

"ஒரு வாரத்தில் போய்விடும் பெரியப்பா."

"அந்தச் சிவப்பு என்ன ஆயிற்று?"

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. காட்டினேன்.